மனசுல அஞ்சு, கையில மூணு

மனசுல அஞ்சு, கையில மூணு. இதைக் கேட்டதும் உங்களில் எத்தனை பேருக்கு வலது கை தானாக நெஞ்சுக்குப் போகிறது? வெட்கப்படாமல் சொல்லுங்கள். நம்ம செட்டு ஆட்கள் எல்லாருக்கும் கூட்டல் இப்படித்தான் வந்தது. பெரிய எண்ணை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன எண்ணுக்கு விரல்களை நீட்ட வேண்டும். மனசில் இருப்பதற்கு அடுத்த எண்ணிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வர வேண்டும். ஆறு, ஏழு, எட்டு. கணக்கு முடிந்தது.

போன வாரம் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக் குழந்தை யு.கே.ஜி. படிக்கிறாள். இப்போதெல்லாம் கலர் கலராகப் பிளாஸ்டிக் கட்டைகள் கொடுத்து, எட்டை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று சொல்லித்தருகிறார்கள். ஐந்தும் மூன்றும், ஆறும் இரண்டும், ஏழும் ஒன்றும். நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. குழந்தை ஓரிடத்தில் தடுமாறியதும் அவள் அம்மா கட்டைகளை ஒதுக்கிவிட்டு, "பெரிய நம்பர மனசுல வெச்சுக்கோ பாப்பு" என்றாள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆன்ட்டிக்கு பி.பி. என்று நினைத்திருப்பார்கள். பி.பி.யும் இருக்கிறது, அது வேறு விஷயம்.

என்னுடைய யு.கே.ஜி. வருஷத்தைப் பற்றி உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொன்னால் புரியாது. சானடோரியம் என்றால் இன்றைக்கு அவர்களுக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ரயில் நிற்கிற இடம், அவ்வளவுதான். நம் சின்ன வயசில் அந்தப் பெயரைச் சொன்னாலே அங்கே இருக்கிற டி.பி. ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம். "அவன் சானடோரியம் கேஸுப்பா" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த ஆள் உட்கார்ந்த பெஞ்சில் அடுத்தவர் உட்கார மாட்டார்.

நாங்கள் அப்போது குரோம்பேட்டையில், தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு வாடகை போர்ஷனில் இருந்தோம். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாவுக்கு கிண்டியில் கம்பெனி வேலை. அம்மா அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் அதே பள்ளியில் யு.கே.ஜி. எங்கள் மிஸ் அம்மாவுக்கு ரொம்ப சிநேகிதம். இரண்டு பேரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்தும் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்து எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள். அம்மா வருகிறாள் என்பது அந்த வாசனையில்தான் எனக்குத் தெரியும். ராத்திரி ஜெபத்தில் "ஆமென்" சொல்வதற்குள் மூன்று தடவை இருமுவாள். வீட்டுக்காரம்மா முன் போர்ஷனிலிருந்து, "இன்னும் சளி விடலியா டீச்சர்?" என்று கேட்டால், "தூசிங்க. சாக்பீஸ் தூசி" என்பாள்.

பிறகு சனிக்கிழமைகள் வந்தன. சனிக்கிழமை அரை நாள் பள்ளி. அது முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள். வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. அப்பாவுக்கு சனிக்கிழமையும் வேலை. வீட்டுக்காரம்மாவிடம் விட்டால் என் வாயைப் பிடுங்கிவிடுவார்.

ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சானடோரியம். ஆனால் நாங்கள் அங்கே இறங்க மாட்டோம். குரோம்பேட்டைக்காரர் யாராவது அதே ரயிலில் இருந்து பார்த்துவிட்டால் என்ன ஆவது? தாம்பரம் வரைக்கும் போய் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்த திசையிலேயே திரும்பி ஆஸ்பத்திரிக்கு நடப்போம். வெயிலில் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். புளியமரம் ஒன்றின் அடியில் நின்றுகொண்டு, செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வாள். திரும்பும்போது தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்குவாள். சாட்சிக்கு.

"எங்க போனீங்கன்னு யாராச்சும் கேட்டா?"

"தாம்பரம் மார்க்கெட்."

"வேற எங்க போனோம்?"

நான் விழிப்பேன்.

"வேற எங்கயும் போகல. ஆஸ்பத்திரி, ஊசி, எல்லாத்தையும் மனசுலயே வெச்சுக்கணும். வெளிய சொல்லவே கூடாது. சொன்னா அம்மாவுக்கு வேல போயிடும். வீட்ட காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நாம மூணு பேரும் ரோட்டுல நிக்கணும். புரியுதா?"

புரிந்தது. ஐந்து வயசில் எனக்கு அதைவிட நன்றாகப் புரிந்த விஷயம் வேறு எதுவுமே இல்லை. மனசு என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அம்மா என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அதே வாரமோ அடுத்த வாரமோ, யு.கே.ஜி.யில் கூட்டல் ஆரம்பித்தார்கள். மிஸ் முதலில் மணிச்சட்டத்தில் சிவப்பு மணி ஐந்தும் நீல மணி மூன்றும் தள்ளிக் காட்டினார். எண்ணினேன், எட்டு வந்தது. எனக்குக் குஷியாக இருந்தது. அந்த மணிகளின் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, அப்படி ஒரு சட்டம் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பிறகு மிஸ் மணிச்சட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே மணி கிடையாது. அஞ்ச மனசுல வெச்சுக்கோங்க. மூண கையில வெச்சுக்கோங்க."

எல்லாப் பிள்ளைகளும் நெஞ்சில் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். ஐந்து உள்ளே போனது. உள்ளே ஏற்கெனவே ஆஸ்பத்திரி இருந்தது.

"மொத்தம் எவ்ளோ?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

நான் என் விரல்களைப் பார்த்தேன். "மூணு."

"மனசுல இருக்கற அஞ்சு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மனசில் வைத்ததை வெளியே சொல்லக் கூடாது. தவிர, ஐந்தை எடுக்கத் திறந்தால் கூட இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். ஒரு பீரோவில் அடைத்து வைத்ததைப் போலத்தான் நான் அதை நினைத்திருந்தேன். சிரிப்பாக இருக்கிறதா? நான் அன்றைக்கு இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து எந்தக் கணக்குக் கேட்டாலும் நான் சின்ன எண்ணைத்தான் சொன்னேன். ஆறும் இரண்டும்? இரண்டு. ஏழும் ஒன்றும்? ஒன்று. பாவம், மிஸ் எவ்வளவோ பார்த்தார். கடைசியில் அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைக்கு எழுத்தெல்லாம் நல்லா வருது. கூட்டல் மட்டும் சுத்தமா ஏறல. இப்படியே இருந்தா மறுபடியும் யு.கே.ஜி.தான் போடச் சொல்வாரு கரஸ்பாண்டண்ட்."

டீச்சர் பொண்ணுக்கே கணக்கு வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? அம்மா சாயங்காலம் ஸ்லேட்டும் மர ஸ்கேலுமாக உட்கார்ந்தாள். "மனசுல நாலு. கையில ரெண்டு. சொல்லு." நான் "ரெண்டு" என்பேன். ஸ்கேல் விழும். அடித்துவிட்டு அவளே இருமுவாள். இருமல் அடங்கிய பிறகு மறுபடியும், "மனசுல நாலு." என்ன கொடுமை பாருங்கள். வெளியே சொல்லாதே என்று சொன்னதும் அவள்தான், சொல்லவில்லை என்று அடிப்பதும் அவள்தான். இது இரண்டும் வேறு வேறு மனசு என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு இருந்தது ஒன்றுதான்.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில் அம்மாவை எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். "நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு படம் புடிப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னைப் பார்த்து, "கொழந்தைக்கும் ஒண்ணு எடுத்துடலாமே, கூடவே இருக்கற கொழந்த" என்றார்.

நான் போட்ட கூச்சலில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். அம்மாவுக்கு அவமானம். என் சட்டையைக் கழற்றி, இருட்டு அறையில், ஜில்லென்ற ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தார்கள். "மூச்ச இழுத்துப் புடி" என்றது ஒரு குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பதெல்லாம் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளட்டும் என்று வேண்டினேன். அன்றைக்குக் கால் வழியாக ஒன்றுக்குப் போய்விட்டேன்.

படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொழந்த க்ளீன், ஒண்ணும் இல்ல" என்றார். அம்மா அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அவள் எனக்கு வியாதி இல்லை என்று அழுதாள். நான் மாட்டிக்கொள்ளவில்லை என்று அழுதேன். பிறகு டாக்டர் அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசினார். வாரத்துக்கு இரண்டு ஊசி போட வேண்டியதை ஒன்றோடு நிறுத்துகிறாளாம், இப்படிச் செய்தால் வியாதி முற்றிவிடுமாம், வார்டில் சேர வேண்டுமாம். "எக்ஸாம் முடியட்டும் டாக்டர்" என்று அம்மா கெஞ்சினாள். வார நாளில் லீவு கேட்டால் பள்ளியில் காரணம் கேட்பார்கள் என்று பயம் அவளுக்கு.

முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அந்த மூன்றாம் வகுப்பைப் பற்றி நான் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். அரைகுறை மருந்தோடு அவள் அங்கே போய் நின்றது தப்பு. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஜன்னல் ஓரமாகவே நின்று பாடம் நடத்துவாள், பிள்ளைகளைக் கிட்டே வர விட மாட்டாள். அதனால் தப்பு தப்பில்லை என்று ஆகிவிடுமா? உங்களில் யாராவது அந்த வகுப்பில் இருந்திருந்தால், அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முழுப் பரீட்சை வந்தது. யு.கே.ஜி.க்கு வாய்ப் பரீட்சை. கரஸ்பாண்டண்ட் சாரே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பார். கூட்டலில் தேறினால்தான் ஒன்றாம் வகுப்பு. வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளி ஆயா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னாத்துக்கு பாப்பா இப்டி நடுங்குற? சாரு இன்னா கடிச்சா துன்னப் போறாரு? தெரிஞ்சத சொல்லிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு. உங்கம்மா அங்கதான் கீது பாரு."

அம்மா வாசல்படியில் நின்றிருந்தாள். தன் வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். கைக்குட்டை வாய்மேல் இருந்தது.

"அஞ்ச மனசுல வெச்சுக்கோ" என்றார் சார். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "கையில மூணு. மொத்தம்?"

"மூணு."

"மனசுல இருக்கறது எங்கம்மா போச்சு?"

மிஸ் என் தோளைத் தொட்டு, "மனசுல இருக்கறத சொன்னாத்தானே கூட்ட முடியும்? சொல்லும்மா" என்றார். நான் வாசல்படியைப் பார்த்தேன். அம்மாதான் சொல்ல வேண்டும். அவள் அனுமதி இல்லாமல் முடியாது.

அம்மா கைக்குட்டையை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சொல்லு கண்ணு" என்றாள். "பயப்படாத. அம்மாதானே சொல்றேன். மனசுல இருக்கறத சொல்லிடு."

"சொல்லலாமா?"

"சொல்லு."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பிரார்த்தனையில் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சானடோரியம் ஆஸ்பத்திரி போனோம். அப்புறமாத்தான் மார்க்கெட்டுக்குப் போனோம். அம்மாவுக்கு ஊசி போட்டாங்க. நெஞ்சுக்குள்ள படம் புடிச்சாங்க. அம்மாவ வார்டுல சேரச் சொன்னாங்க. எக்ஸாம் முடியட்டும்னு அம்மா சொன்னாங்க." பிறகு விரல்களை நீட்டினேன். "அஞ்சு. ஆறு, ஏழு, எட்டு. எட்டு சார்."

எட்டு என்றதை யாரும் கேட்கவில்லை. மிஸ் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, சரியாகச் சொன்னேனே என்று பார்த்தேன். சார் எழுந்து அவளிடம் போய், ஆனால் நாலடி தள்ளி நின்றுகொண்டு, "டீச்சர், நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். மிஸ் அம்மாவின் டிபன் பாக்ஸை ஒரு பேப்பரில் சுற்றி ஆயாவிடம் கொடுத்தனுப்பினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு வந்த பயம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஸ்கேலை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. பாயைப் போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடித்திருந்தால் தேவலை. விஷயம் இரண்டு நாளில் தெரு முழுக்கப் பரவி, மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா அப்பாவிடம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அம்மாவை வார்டில் சேர்த்தார்கள். அப்பாவும் நானும் ஊரப்பாக்கத்தில் ஓர் அறை பார்த்துப் போனோம். அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. வேலை போனது, வீடு போனது. எல்லாம் என்னால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வார்டுக்குள் போவார். குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். "அம்மா கோவமா இருக்காங்களாப்பா?" என்று கேட்பேன். அப்பா வேறு ஏதோ யோசனையில், "ம்" என்பார். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு நான் பல மாதங்கள் நடுங்கினேன். வார்டில் சேர்ந்து முழு வைத்தியம் பார்த்ததால்தான் அம்மா பிழைத்தாள், இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் கையை விட்டுப் போயிருப்பாள் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இதை அப்பா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. பெரியவர்களுக்கு எதை எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிவதே இல்லை.

அம்மா திரும்பி வந்த நாளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஊரப்பாக்கம் வீட்டு வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அம்மா கன்னம் உப்பி, புதுச் சேலையில், வேறு யாரோ மாதிரி இறங்கினாள். வியாதி வருவதற்கு முன்பெல்லாம் தினமும் பள்ளி கிளம்பும்போது என் கன்னத்தில் முத்தம் வைப்பாள். இருமல் வந்ததும் அதை நிறுத்தியிருந்தாள். இப்போது நன்றாகிவிட்டது, பயமில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தாராம். "வா கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

நான் பின்னால் போனேன். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். இரண்டு எட்டு பின்னால் போய், கதவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அவள் முகத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். "பரவாயில்ல, அது பயப்படறது நல்லதுதான்" என்று அப்பாவிடம் சொன்னாள். "கிட்ட வர வேணாம். நானே தள்ளி இருந்துக்கறேன்."

தள்ளியே இருந்துவிட்டாள். தனி டம்ளர், தனித் தட்டு, தனிப் பாய். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, கடைசி வரைக்கும். என் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் எல்லாரும் முத்தம் கொடுத்தபோது அவள் தலையில் கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மகள் பிறந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். படுக்கையில் விழுந்த பிறகு, கஞ்சி கொடுக்க நான் குனிந்தால், "தள்ளி உக்காரு" என்று சுவர்ப் பக்கம் திரும்புவாள். வியாதிக்கு நான் பயப்படவில்லையம்மா, உன் கோபத்துக்குத்தான் பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். சொல்ல வாயெடுத்தால், சானடோரியம் என்ற சொல்லை அவள் முன்னால் எடுக்க வேண்டியிருக்குமே என்று நாக்கு எழாது. ஐம்பது வயசுக்கு மேலும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். பெட்டியை மூடுவதற்கு முன் வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பாஸ்டர் சொன்னார். நான் குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.